அக்கா கொடுத்த புகார்

ஆந்திர எல்லையோரத்து நகரியில் நெசவாளர்கள் இருக்கும் தெருக்களில் காலை ஆறு மணிக்கே பவர்லூம் சத்தம் தொடங்கிவிடும். புதிதாக வந்தவர்களுக்குத் தலை வலிக்கும். அங்கேயே பிறந்தவர்களுக்கோ அது நின்றால்தான் விழிப்பு வரும். அந்தச் சத்தத்தால் ஒரு உபகாரம் உண்டு என்று கங்கம்மாள் சொல்வாள். அடுத்த வீட்டில் யார் யாரை அடித்தாலும் வெளியே கேட்காது.

கங்கம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. எட்டரை மணிக்குப் பூட்டைத் திறந்து, பெருக்கி, உலை வைத்து, வராத குழந்தைகளை வீடு வீடாகப் போய் இழுத்து வர வேண்டும். மதியம் சோறு, பருப்பு, முட்டை. அதன்பிறகு பாய் விரித்துத் தூங்கவைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான். பிள்ளைகள் அவளை ஆயா என்று கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாததற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதில் அவளைக் கட்டிக்கொண்டவன், ஐந்து மாத வயிற்றில் ஒருநாள் காலால் உதைத்தான். கரு கலைந்தது. இனிமேல் நிற்காது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அங்கேயேதான் இருந்தாள். அம்மா செத்துப்போன சேதி வந்து நகரிக்கு வந்தவள், காரியம் முடிந்தபின் திரும்பிப் போகவில்லை. போகாததற்கு அவள் சொன்ன சாக்கு தம்பி. தனசேகருக்கு அப்போது எட்டு வயது. சோறு போட ஆள் வேண்டும்.

அம்மா எப்படிச் செத்தாள் என்று யாரும் உரக்கக் கேட்டதில்லை. குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். அப்பா சண்முகம் கைத்தறி நெய்தவர், நல்ல வேலைக்காரர் என்று ஊரில் பேர். வீட்டுக்குள் அவர் வேறு மனிதர். அவர் அம்மாமேல் கை வைக்கத் தொடங்கியதும், பதினைந்து வயதுக் கங்கம்மாள் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கிவிடுவாள். நெய்கிறவர் கால் வைக்கிற அந்தக் குழியில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்காது. தம்பியை மடியில் அழுத்தி, அவன் காதுகள் இரண்டையும் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொள்வாள். அவளுடைய காதைப் பொத்த யாரும் இல்லை. எல்லாம் கேட்டாள்.

அப்படிப் பொத்தி வளர்த்த தம்பிதான் தனசேகர்.

அவனுக்கு இருபத்தைந்து வயதில், அவன் வேலை செய்த பவர்லூம் கூடத்துக்கு நூல் சுற்ற ரேஷ்மா வந்தாள். வடமாலபேட்டைப் பக்கத்துக் காலனிப் பெண். அம்மா சந்திரம்மா மாம்பழக் காலத்தில் சித்தூர்ப் பக்கம் பழக்கூழ் கம்பெனிக்குப் போவாள், மற்ற நாளில் களையெடுப்பு. ரேஷ்மாவும் தனசேகரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சாதி குறைந்தவள் என்று உறவுக்காரர்கள் யாரும் உள்ளே வரவில்லை.

கங்கம்மாள் ஆரத்தி எடுத்தாள். ஆனால் ரேஷ்மாவுக்குத் தனியாக ஒரு டம்ளர் வைத்தாள். ஒரு வருஷம் அந்த டம்ளர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. ரேஷ்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் பிற்பாடு கங்கம்மாளைக் குத்தியது. அங்கன்வாடியில் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் ஒரே குண்டானிலிருந்து ஊட்டுகிற கை, வீட்டில் டம்ளர் பிரித்து வைத்தது.

வீடு ஒன்றுதான், நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி குடும்பம். கல்யாணமான இரண்டாவது வருஷம், பிரீத்தி பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும், ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. பாத்திரம் உருண்டது. பிறகு சதைமேல் கை விழுகிற சத்தம். கங்கம்மாளுக்கு அந்தச் சத்தத்தை அடையாளம் தெரிந்தது. எழுந்து போனாள். போனது டிவி இருந்த இடத்துக்கு. சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

அடுத்த நாள் ரேஷ்மா உதடு வீங்கி வந்தாள். இருவரும் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினார்கள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. தனசேகர் குடிக்காத நாளிலும் அடித்தான். கூடத்தில் முதலாளி தமிழ்செல்வன் எல்லார் எதிரிலும் திட்டினால் அன்று வீட்டில் அடி. கரண்டு இல்லாமல் தறி நின்றால் அடி. "காலனி நாயி, உன்ன இட்டாந்து மானம் போச்சு" என்று அடிக்கும்போது சொல்வான். அவளைத் துரத்தித் துரத்திக் காதலித்தவன் அவன்தான் என்பதை அந்த நேரத்தில் யார் அவனுக்கு நினைவுபடுத்துவது?

மூன்று வயதில் பிரீத்தி அங்கன்வாடிக்கு வந்தாள். வந்த குழந்தை பேசவில்லை. அத்தையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தது. குக்கர் விசில் அடித்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மாதா மாதம் எடை போடுகிற டீச்சர் சுமித்ரா ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாலு மாசமா இந்தப் பாப்பா ஒரே எடைல நிக்குது ஆயாம்மா. மத்த பசங்க துன்ற அதே சோறுதான் இதுவும் துன்னுது. டாக்டருகிட்டயும் காமிச்சாச்சு, நோவு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. வீட்ல இன்னா நடக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ரேஷ்மாவுக்கு மறுபடியும் அஞ்சு மாசம். அவளுக்குக் குடுக்கிற முட்டை, பாலு எல்லாம் எங்க போவுது? அவ கண்ணைப் பாத்தியா? வெள்ளைத் துணி மாதிரி கீது."

முட்டை எங்கே போகிறது என்று கங்கம்மாளுக்குத் தெரியும். தம்பி அவித்துத் தின்றான். ஆம்பிளை உழைக்கிறான், தின்னட்டும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டு போனது. தெரு முழுக்கத் தறிகள் சட்டென்று நின்றன. டிவியும் அணைந்தது. கங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த அமைதியில் சுவருக்கு அப்பால் தம்பி பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"யாரைக் கேட்டுடீ பாப்பாவுக்கு அவிச்சுக் குடுத்த? எனக்கு வச்சது எங்க?"

"அது எனக்குன்னு அங்கன்வாடில குடுத்த முட்டைங்க. கொயந்த கைய நீட்டுச்சு…"

பிறகு வந்தது ரேஷ்மாவின் குரல் மாதிரியே இல்லை. சத்தத்தைக் கூட்ட டிவி இல்லை. கங்கம்மாள் கீரையோடு எழுந்தாள். கையில் கீரை இருந்தது அவளுக்கே தெரியாது. அந்தப் பக்கம் போய்க் கதவைத் தள்ளினால், ரேஷ்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடது முன்கை நடுவில் வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. பிரீத்தி கட்டிலுக்கு அடியில். தனசேகர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வழுக்கி உழுந்துட்டாக்கா. புத்தூருக்கு இட்டுக்கினு போயி கட்டுப் போட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

வழுக்கி விழுந்துவிட்டாள். அதே வார்த்தை. அம்மாவின் சாவுக்கு அப்பா சொன்ன வார்த்தை.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற இடத்தில் கூட்டம் எப்போதும் இருக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட ஆட்கள் வருவார்கள். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே யாருக்கோ எலும்பை இழுத்துச் சேர்த்தபோது அந்த ஆள் அலறினான். பிரீத்தி எழுந்தாள். ஒளிந்துகொள்ளப் போகிறாள் என்றுதான் கங்கம்மாள் நினைத்தாள். குழந்தையோ எதிர் பெஞ்சில் யாரோ ஒரு பெண் மடியில் வைத்திருந்த கைக்குழந்தையிடம் போய், தன் இரண்டு சின்னக் கைகளாலும் அதன் காதுகளைப் பொத்தினாள். அலறல் ஓயும்வரை பொத்திக்கொண்டே நின்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "எவ்ளோ சமத்து பாரு" என்றாள்.

 இதை இந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கங்கம்மாளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

உள்ளே கட்டுப் போடுகிறவர், மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக்கொண்டே கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

ரேஷ்மா வாயைத் திறக்கும் முன் கங்கம்மாள் சொன்னாள். "என் தம்பி முறுக்கிட்டான்."

அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு சுற்றினார். ரேஷ்மா கங்கம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ரேஷ்மா மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, வூட்டுக்குப் போவலாம். நீங்க சொன்னது அவருக்குத் தெரிஞ்சா…"

"அந்த வூட்டுக்கு இப்ப வேணாம்."

"எங்க போவேன் நானு? எங்கம்மா வூட்ல ஒரு ரூமு. அண்ணன், அண்ணி, மூணு பசங்க. நானா தேடிக்கினதுன்னு சொல்லிட்டாங்க. வேற எவனாச்சும் வேல குடுப்பானா, இந்த வயித்தோட, இந்தக் கையோட?"

 திருப்பதி பஸ் வந்தது, கங்கம்மாள் இருவரையும் ஏற்றினாள். வடமாலபேட்டையில் இறங்கினார்கள். சந்திரம்மா மகளின் கையைப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு போட்டபின், "நாள் ரெண்டு இருக்கலாம். அதுக்கு மேல மருமவ பேசுவா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று கங்கம்மாள் அந்த வீட்டில் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இதை ஒரு பெரிய காரியமாக நினைக்கத் தனக்கு வெட்கமாக இருந்தது என்று பின்னால் சுமித்ராவிடம் சொன்னாள்.

மறுநாள் திருப்பதியில் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அங்கே இருந்த அம்மாள் நல்ல மாதிரி. எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். டாக்டரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கித் தந்தாள். ரத்தம் ரொம்பக் குறைவு, வயிற்றுப் பிள்ளை வளர்ச்சி போதாது என்று டாக்டர் சொன்னார். வரிசையில் மட்டும் நான்கு மணிநேரம். அதே அறையில் பட்டுச் சேலை உடுத்திய ஒரு பெண்ணும் இருந்தாள். அவளுக்கும் கன்னம் வீங்கித்தான் இருந்தது. வக்கீலான அண்ணன் கூட வந்திருந்தார். அரைமணியில் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்ற காரில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது பிரீத்தியின் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தாள்.

"கேஸை நகரி ஸ்டேஷன்ல குடுங்கம்மா" என்றாள் மையத்து அம்மாள். "புத்தூரு வரைக்கும்தான் இந்த ஜில்லா. உங்க ஊரு சித்தூரு ஜில்லால வருது."

ஆக, எங்கிருந்து தப்பி வந்தார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். பஸ்ஸில் ரேஷ்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். கங்கம்மாள் தூங்கவில்லை. தம்பிக்கு அம்மை போட்டபோது வேப்பிலையில் படுக்கவைத்து விசிறியதெல்லாம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்றாலும் வந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தெலுங்கில் கேட்டார். "நுவ்வு எவரம்மா?"

"அவனோட அக்கா சார்."

அவர் தமிழுக்கு மாறினார். "அக்காவா? சொந்தத் தம்பி மேல கேஸா? புருஷன் பொண்டாட்டி விஷயம்மா. கூப்பிட்டு மிரட்டி அனுப்புறேன். சர்துகோவாலம்மா. அனுசரிச்சுப் போங்க."

"அனுசரிச்சுத்தான் எங்கம்மா செத்துப் போச்சு சார்" என்றாள் கங்கம்மாள். "எழுதுங்க. ஒடிஞ்ச கையை நான் கண்ணால பாத்த சாட்சி. பாக்காததையும் சொல்றேன், செவுத்துக்கு அந்தாண்ட ரெண்டு வருசமா காதால கேட்டது. கேட்டுக்கினு சும்மா இருந்தது என் தப்பு. அதையும் எழுதிக்குங்க."

எஸ்.ஐ. சற்று நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டார்.

தனசேகரைக் கூட்டி வந்தபோது கூடவே தமிழ்செல்வனும் வந்தார். தறி நிற்கிறது, பண்டிகை ஆர்டர் இருக்கிறது என்று அவர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார். தனசேகர் மனைவியைப் பார்க்கவில்லை. நேரே அக்காவிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"நீதானேக்கா என்னைத் தூக்கி வளத்த? நீயா இப்படி?"

"நான்தான்டா வளத்தேன்."

"நைனா பண்ணாததையா நான் பண்ணிட்டேன்? நைனாவை நீ ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல. அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. உன் காதைத்தான் பொத்தத் தெரிஞ்சுது. இன்னிக்கு உன் பொண்ணு ஊர்ப் புள்ளைங்க காதைப் பொத்திக்கினு நிக்குதுடா. நீ அதைப் பாக்கல. நான் பாத்துட்டேன்."

 கங்கம்மாள் கையெழுத்துப் போட்டாள். 

தனசேகர் சில நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஏதோ தறிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தெருவில் கங்கம்மாளோடு பேச்சை நிறுத்தினார்கள். கூடப் பிறந்தவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று பேர் வந்தது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. இரண்டு பேர் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி, பத்து நாள் கழித்து, கழுத்தில் நகக்கீறலோடு பின்வாசலில் வந்து நின்று, "அந்த ஆபீஸு திருப்பதில எங்க கீது ஆயாம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

எட்டாம் மாதத்திலேயே ரேஷ்மாவுக்கு வலி எடுத்தது. திருப்பதியில் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஐந்தாறு நாள் கழித்து, இனி பெட்டியைவிட உடம்புச் சூடுதான் மருந்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றாள் நர்ஸ். ரேஷ்மாவுக்குக் கையில் பலம் வரவில்லை, ரத்தமும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேற யாராச்சும் பொம்பளைங்க இருந்தாக் கூடப் போதும்" என்றாள் நர்ஸ்.

கங்கம்மாள் ரவிக்கையை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். குழந்தையை அவள் மார்பில் கவிழ்த்துப் போட்டுத் துணியால் கட்டினார்கள். ஒரு கைப்பிடி அளவு. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. காலை நான்கு மணிநேரம், சாயங்காலம் இரண்டு மணிநேரம், பதினாறு நாள் அப்படியே உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாதத்தில் போனது பெண்ணா பையனா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதை இத்தனை காலம் நினைக்காமல் இருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நினைத்தாள். அழுகை வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று கால்கூட மாற்றி வைக்காமல் உட்கார்ந்தாள்.

இப்போது அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பம். ரேஷ்மாவுக்குத் தமிழ்செல்வன் வேலை தரவில்லை. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். மழை நாளில் கை வலிக்கிறது என்கிறாள். பிரீத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் பேசியது இனிமையான பேச்சு ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் ஒரு பையனைக் கீழே தள்ளி, "நாயி, மானம் போச்சு" என்றாள். சுமித்ரா டீச்சர் திகைத்து நின்றாள். கங்கம்மாள் பிரீத்தியின் கையைப் பிடித்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இது வெளியே வரவேண்டியதுதான், வந்துதானே போகும் என்றாள் டீச்சரிடம். போகுமா என்று அவளுக்கும் நிச்சயமில்லை.

போன வாரம் கோர்ட்டில் வாய்தா. வராந்தாவின் ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் தனசேகர். இளைத்துக் கறுத்திருந்தான். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. துன்னியாடா என்று கேட்க வாய் வரை வந்தது. கங்கம்மாள் கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், நீதிபதி லீவு என்று வேறு தேதி கொடுத்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரேஷ்மா கேட்டாள். "நேத்து போன் பண்ணாரு அண்ணி. இனிமே கை வெக்க மாட்டேன்னு பாப்பா மேல சத்தியம் பண்றாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

கங்கம்மாள் பிரீத்தியின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணாம்னுதான் சொல்வேன். அவன் என் தம்பி, அதனாலதான் சொல்றேன். ஆனா முடிவு உன்னுது. நீ போனாலும் இந்தப் பக்கத்துக் கதவைத் தாப்பா போட மாட்டேன். சத்தம் கேட்டா வருவேன்."

ரேஷ்மா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிரீத்தி கால் வலிக்கிறது என்று அழுதாள். கங்கம்மாளுக்கும் முட்டி வலித்தது. குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று நடந்தாள்.